ரைசன் 5 1600: பிராசசரை மட்டும் மாற்றினால் போதுமா?

வணக்கம். பி350 மதர்போர்டில் ரைசன் 5 1600 பிராசசர் இருப்பதாகவும், விளையாட்டுகள் திக்கித் திணறுவதால் கணினியையே மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் ரெசல்யூஷனை நன்றாகக் குறைத்துப் பாருங்கள்; அப்போதும் பிரேம் எண்ணிக்கை (நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) உயரவில்லை என்றால், தடை பெரும்பாலும் பிராசசரில்தான் இருக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. 2017இல் வெளியான உங்கள் பிராசசர் அமர்ந்திருக்கும் அதே ஏஎம்4 சாக்கெட்டில் (பிராசசரைப் பொருத்தும் இடம்), 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) கொண்ட ரைசன் 7 5700எக்ஸ்3டி பொருந்தும் என்பதால், டிடிஆர்4 ரேமையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். உங்கள் போர்டு ஏற்கும் பிராசசர்களின் பட்டியலைச் சரிபார்த்து, பழையதைக் கழற்றும் முன்பே பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துவிடுங்கள். பிராசசருக்கும் கூலருக்கும் இடையே தடவிய பேஸ்ட் இறுகியிருக்கும், கூலரை நேராக இழுத்தால் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையக்கூடும் என்பதால், கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அணைத்த சூட்டோடு கூலரை மெதுவாகத் திருகி எடுங்கள்.