இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கை கைப்பேசியைத் தேடுகிறது என்பவருக்கு

வணக்கம். தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தால் இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கை கைப்பேசியைத் தேடுவதாகவும், படித்தது மனத்தில் தங்காததால் மூளையே பழுதாகிவிட்டதோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அச்சம் வேண்டாம். இது ஊறிப்போன பழக்கத்தின் வேலை என்றே கருதுகிறேன்.

ஒரு வேலையை அரைகுறையாக விட்டு மற்றொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எடுத்துக்காட்டினார். பத்தியின் நடுவே வந்த செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் அனுப்பாமல் புத்தகத்துக்குத் திரும்பினால், கண் வரிகளின் மேல் ஓடினாலும் மனம் அந்தப் பதிலையே எழுதிக்கொண்டிருக்கும். அதே வரியை மூன்றாம் முறை படிக்க நேர்வது இதனால்தான்.

ஆகவே கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது, அடுத்த அறையில் வையுங்கள். இணையத்தில் தேடத் தோன்றுவதை உடனே தேடாமல் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அதன் சாரத்தைச் சொந்தச் சொற்களில் எழுதிப் பாருங்கள். நினைவிலிருந்து மீட்டெடுக்கும் அந்த முயற்சி, திரும்பத் திரும்பப் படிப்பதைவிட ஆழமாகப் பதியவைக்கும். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு இருபது நிமிடம் போதும். பழகப் பழக நீட்டிக்கொள்ளலாம்.