யூத மரபில் தர்மம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: யூதர்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தே ஆகவேண்டுமா?

பத்தில் ஒன்று நடுத்தர அளவு, ஐந்தில் ஒன்று சிறப்பு என்பார்கள் ரபிகள் எனப்படும் யூத மத அறிஞர்கள். அதற்கு மேல் வேண்டாம் என்று ஊஷா என்ற ஊரில் கூடிய பழங்கால அறிஞர்கள் தடுத்துவிட்டார்கள். கொடுத்தவரே நாளைக்குக் கையேந்தி நிற்கக் கூடாதல்லவா?

கேள்வி: தர்மம் வாங்கிப் பிழைப்பவர்?

அவரும் தன்னால் முடிந்ததைக் கொடுக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. அவரைக் கொடுப்பவர்கள் வரிசையிலிருந்து விலக்கி வைப்பதில்லை.

கேள்வி: மைமோனிடிஸ் சொன்ன எட்டுப் படிகளை விளக்க முடியுமா?

மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர். யூதச் சட்டத் தொகுப்பான ‘மிஷ்னே தோரா’வில் அவர் எழுதியது. ஒருவர் பிறரிடம் கேட்கும் நிலைக்கே போகாதபடி கடன் கொடுப்பது, தொழிலில் கூட்டு சேர்த்துக்கொள்வது, வேலை தேடித் தருவது, இதுதான் உச்சப் படி. அடுத்தது, கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இருவருக்குமே தெரியாத கொடை. எருசலேம் ஆலயத்தில் இதற்கென்றே ஓர் அறை இருந்தது. ஒருவர் ரகசியமாகப் போட்டுவிட்டுப் போவார், நொடித்துப்போன நல்ல குடும்பத்தார் ரகசியமாக எடுத்துக்கொள்வார்கள். அப்புறம், ஏழையின் வாசலில் யாருக்கும் தெரியாமல் காசை வைத்துவிட்டு வருவது. அடுத்த படியில், சிலர் காசைத் துணியில் முடிந்து முதுகுப்பக்கம் போட்டுக்கொண்டு நடப்பார்களாம். கொடுப்பவர் கண்ணில் படாமல் ஏழைகள் பின்னால் வந்து எடுத்துக்கொள்ளலாம். கேட்கும் முன்பே கையில் கொடுப்பது, கேட்டபின் கொடுப்பது, குறைவாகக் கொடுத்தாலும் இன்முகத்தோடு கொடுப்பது என்று இறங்கி, மனமில்லாமல் கொடுப்பதில் முடிகிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆயிரம் பொற்காசு கொடுத்தாலும் புண்ணியம் போய்விடும் என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

கேள்வி: ஒருவருக்கு எவ்வளவு கொடுத்தால் போதும்?

அவருடைய குறைவுக்குத் தக்கபடி என்கிறது பைபிளின் உபாகமம் 15ஆம் அதிகாரம். யூதச் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய தல்மூது என்ற பழைய நூலில் ஒரு கதை உண்டு. ஹில்லெல் என்ற பழங்கால அறிஞர், வாழ்ந்து கெட்ட ஒருவருக்கு ஏறிப்போகக் குதிரையும், முன்னால் ஓட ஓர் ஆளும் ஏற்பாடு செய்தார். ஒருநாள் ஆள் கிடைக்கவில்லை, ஹில்லெல் தானே ஓடினார். வசதியாக வாழ்ந்தவருக்கு அந்த மதிப்பை இழந்ததும் பசியைப் போல ஒரு குறைதான் என்று நானும் நம்புகிறேன்.

கேள்வி: ஏமாற்றுக்காரர்கள் வந்தால்?

உடை கேட்டால் விசாரிக்கலாம். பசி என்றால் விசாரிக்காமல் கொடுக்க வேண்டும்.

கேள்வி: யூதர் அல்லாத ஏழைகளுக்கு?

உண்டு. சமாதானத்தின் பொருட்டு அவர்களையும் சேர்த்தே தாங்க வேண்டும் என்கிறது தல்மூது.

கேள்வி: தர்மத்துக்காக வசூலிக்கும் ஊர்ப் பணத்தில் முறைகேடு நடக்காதா?

அதனால்தான் வசூலுக்குக் குறைந்தது இரண்டு பேர் போக வேண்டும். பங்கிடுவதற்கோ மூன்று பேர். யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வதைப் பணவழக்கில் தீர்ப்பு சொல்வதற்குச் சமமாக வைத்தார்கள்.