பணி முடிந்த பிறகும் இடுப்பில் துப்பாக்கி

கேள்வி (வாசகி ஒருவர், சுங்கை சிப்புட்):
ஐயா, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குடியேறிய என் தங்கையின் மகன் அங்கே போலீஸ் அதிகாரியாக இருக்கிறான். பணி இல்லாத நேரத்திலும் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் போகிறானாம். இருப்பதிலேயே சிறியதை எடுத்தால் போதும் என்கிறான். காவல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நீங்கள் அவனுக்கு என்ன சொல்வீர்கள்? தைப்பூசத்துக்கு வரும்போது அதையும் கொண்டுவந்துவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்:
அம்மா, "இருப்பதிலேயே சிறியது" என்ற முடிவை அவர் மறுபடியும் யோசிக்க வேண்டும். சிறிய துப்பாக்கியை மறைப்பது எளிது. அதைக் கொண்டு குறி தவறாமல் சுடுவதோ கடினம். குழல் குட்டையாக இருப்பதால் முன்குறியும் பின்குறியும் நெருங்கிவிடுகின்றன. சுண்டுவிரலுக்குப் பிடியில் இடம் கிடைப்பதில்லை. எடை குறைவதால் உதைப்பு கூடுகிறது. சுடும்போதெல்லாம் கை வலித்தால், எவ்வளவு அக்கறை உள்ளவரும் பயிற்சித் திடலுக்குப் போவதைத் தள்ளிப்போடத் தொடங்கிவிடுவார்.

பணியில் எதைச் சுமக்கிறாரோ அதன் தம்பியை வாங்கச் சொல்லுங்கள். உயிர்ப் பயம் வந்த நொடியில் மூளை யோசிப்பதில்லை, கை தன் பழக்கத்தைத்தான் செய்யும். பணித் துப்பாக்கி கிளாக் 17 என்றால், 1990களில் வந்த கிளாக் 26 அதே விசை இழுப்பும் அதே அமைப்பும் கொண்டது. பத்துத் தோட்டாக்களோடு மறைவாக இருக்கும் அதில், கிளாக் 17இன் பதினேழு தோட்டா மேகசினையும் செருகலாம். 2018இல் வந்த சிக் சவர் பி365 இன்னும் மெலிதானது. ஆனால் பணித் துப்பாக்கியில் இல்லாத பாதுகாப்பு நெம்புகோல் புதியதில் இருந்தால், அதைக் கட்டைவிரல் தேடும் அரை நொடி போதும், காரியம் கெட்டுவிட. துறை அனுமதிக்கும் துப்பாக்கிகள் எவை என்பதை வாங்குவதற்கு முன்பே அவர் கேட்டுக்கொள்ளட்டும்.

உறையைப் பற்றி என் அனுபவம் ஒன்று. மாற்றுடையில் பணியாற்றிய காலத்தில் என்னிடம் இருந்தது பாயிண்ட் 38 ரிவால்வர். ஒருநாள் பயிற்சியில் சட்டை ஓரத்தை விலக்கி அதை உருவியபோது, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த சுத்தியில் (தோட்டாவை வெடிக்கவைக்கும் பாகம்) துணி மாட்டி, பொத்தான் தெறித்துக் காலடியில் விழுந்தது. துப்பாக்கி பாதியிலேயே நின்றுவிட்டது. எதிரில் நின்றது அட்டைப் பலகை என்பதால் பொத்தானோடு போயிற்று. விசையை முழுவதுமாக மூடும் கெட்டியான உறையும், தொய்யாத தோல் இடுப்பு வாரும் துப்பாக்கியைப் போலவே முக்கியம். அவர் வழக்கமாக அணியும் சட்டையைப் போட்டுக்கொண்டே உருவிப் பழக வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது வேறொன்று. 2009 மே மாதம் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில், பணி முடிந்து கிளம்பிய கறுப்பினப் போலீஸ்காரர் ஒருவர், தன் காரை உடைத்தவனைக் கையில் துப்பாக்கியோடு துரத்தியபோது, அவர் யாரென்று அறியாத சக போலீஸ்காரர் ஒருவர் சுட்டதில் இறந்தார். சீருடை இல்லாத கையில் துப்பாக்கியைப் பார்ப்பவர்களுக்கு அவர் போலீஸ் என்று எப்படித் தெரியும்? அதிலும் நம் பிள்ளைகளின் நிறத்தை எண்ணினால் என் நெஞ்சு பதறுகிறது. முடிந்தவரை துப்பாக்கியை வெளியே எடுக்காமல் அவசர எண்ணை அழைத்து, தன் அடையாளத்தையும் உடையின் நிறத்தையும் சொல்ல வேண்டும். காவலர்கள் வந்ததும் சட்டென்று திரும்பாமல், அவர்கள் சொல்வதைச் சொன்னபடி செய்ய வேண்டும். மது அருந்தும் நாளில் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில் பூட்டியிருக்கட்டும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். தகுதியுள்ள போலீஸ்காரர்கள் மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கியை மறைவாகக் கொண்டுசெல்ல 2004ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் இடம் தருகிறது; அந்த நாட்டின் எல்லையோடு அது முடிந்துவிடும். இங்கே மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்கக் கூடாது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு ஆண்டுகள் வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. பயிற்சிக்குக் கொண்டுபோகும் பையையே பயணத்துக்கும் எடுத்துவரும் வழக்கம் பலருக்கு உண்டு. இப்போதே தொலைபேசியில் அழைத்து, வேறு பையில் துணி அடுக்கும்படியும், ஜாக்கெட் பைகளைக்கூடக் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு விமானம் ஏறும்படியும் சொல்லுங்கள்.