ஓடிட்டிருந்த சிபியு சாஞ்சிடுச்சு, ஹார்ட் டிஸ்க் போயிடுமா? கேள்வி பதில்

தண்டையார்பேட்டை: அண்ணா, தரையில வெச்சிருந்த சிபியு, பையன் கால் பட்டு மொசைக் தரையில சாஞ்சிடுச்சு. அப்போ ஓடிட்டிருந்தது. இப்பவும் நல்லாத்தான் ஓடுது. பயப்படணுமா?

உள்ளே என்ன இருக்குன்னு முதல்ல பாருங்க. எஸ்எஸ்டி மட்டும்னா நிம்மதியா இருங்க, அதுல சுத்துற பாகமே கிடையாது. ஹார்ட் டிஸ்க் இருந்தா விஷயம் வேற. தட்டு நிமிஷத்துக்கு 5400 இல்ல 7200 சுத்து சுத்தும். படிக்கிற ஹெட் அதுக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துல மிதக்கும். தலைமுடியோட பருமனே கிட்டத்தட்ட 80,000 நானோமீட்டர், கணக்குப் போட்டுக்குங்க. ஓடும்போது அடி விழுந்தா ஹெட் தட்டை உரசிடும். அணைச்சிருந்தா ஹெட் ஓரமா ஒதுங்கி நிக்கும். அதனாலதான் 3.5 இன்ச் டிஸ்க் பலதும் ஓடும்போது 70 ஜி (புவியீர்ப்பைப் போல 70 மடங்கு) அளவு அதிர்ச்சியும், அணைஞ்சிருக்கும்போது 300 ஜி அளவும் தாங்கும்னு தயாரிப்பாளர்கள் போடுறாங்க. மெத்தையில விழுந்தா அதிர்ச்சி பரவிடும். மொசைக் தரையில தகரப் பெட்டி மோதினா எல்லாம் ஒரே நொடிப்பொழுதுல இறங்கும். சின்னச் சாய்வுதானேன்னு விடாதீங்க.

இன்னிக்கே போட்டோ, கணக்கு ஃபைல் எல்லாத்தையும் வேற டிஸ்குக்கு காப்பி பண்ணிடுங்க. ஸ்கேன் அப்புறம்தான், ஏன்னா முழு ஸ்கேன் அடிபட்ட டிஸ்கைப் போட்டு வாட்டும். காப்பி முடிஞ்சதும் டிஸ்கோட நிலைமையைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரைப் போட்டு, கெட்டுப்போன இடங்களோட கணக்கு சொல்ற 05, சி5, சி6 மூணு வரியையும் பாருங்க. ரா வேல்யூ பூஜ்யம்னா நல்லது. ஏதாவது எண் இருந்தா குறிச்சு வெச்சு, ஒரு வாரம் கழிச்சு மறுபடி பாருங்க. ஏறியிருந்தா டிஸ்கை மாத்திடுங்க. 'கட்... கட்...'னு சத்தம் கேட்டா மட்டும் காப்பிக்கே போகாதீங்க, உடனே பவரை எடுங்க. சுத்த விடுற ஒவ்வொரு முறையும் கீறல் கூடும். அப்புறம் டேட்டா ரெகவரி ஆளுங்க பார்க்க வேண்டியதுதான். வீட்டுல மூடியைத் திறந்தா தூசு போய் மிச்சமும் கெடும்.

கொருக்குப்பேட்டை: கூட்ஸ் வண்டி போகும்போது மேஜையே அதிருது. டிஸ்க் கெடுமா?

கெடாது. அந்த அதிர்வு டிஸ்க் தாங்குற அளவுக்குக் கிட்டகூட வராது.

வியாசர்பாடி: வீடு மாத்தி மீன்பாடி வண்டியில கொண்டு வந்தோம். ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல.

பெரும்பாலும் எதுவும் உடைஞ்சிருக்காது, ஏதோ ஒண்ணு கழண்டிருக்கும். அடிக்கடி ஆன் பண்ணிப் பார்க்காதீங்க. ஒயரைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனை 10 நொடி அழுத்திப் பிடிங்க. பெட்டியை மெதுவா சாய்ச்சுக் காது கொடுங்க. கழண்ட திருகாணி உருண்டா அதை எடுத்துட்டுத்தான் மத்தது. அது போர்டுல பட்டா ஷார்ட் ஆகும்.

அப்புறம் ரேமைக் கழட்டுங்க. கடல் காத்து அடிக்கிற ஏரியான்னா அந்தத் தங்கநிறப் பல்லு மங்கிப் போயிருக்கும். பென்சில் ரப்பரால லேசா தேய்ச்சு, தூளை ஊதிடுங்க. ஒரே ஒரு ரேமை மட்டும், ரெண்டு முனையும் 'டிக்'னு உட்கார்ற வரைக்கும் அழுத்துங்க. கிராபிக்ஸ் கார்டையும் கழட்டி மாட்டுங்க, அதுக்குப் போற பவர் ஒயரையும் பாருங்க. 24 பின் ஒயர், ப்ராசஸர் பக்கத்துல இருக்கிற 8 பின் ஒயர் ரெண்டையும் கையால அழுத்திப் பாருங்க. கார்டு இருந்தா மானிட்டர் ஒயர் கார்டுலதான் இருக்கணும். மாறிப்போறது நிறைய நடக்குது. எதைத் திறந்தாலும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. ஒயரைப் பிடுங்கின பிறகும் அதோட கெபாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல தங்கியிருக்கலாம்.

பெரம்பூர்: கீழ விழுந்ததுல இருந்து 5 நிமிஷத்துல தானா ஆஃப் ஆகுது. இன்டெல் பெட்டியோட வந்த கூலர்தான்.

கூலர் தூக்கிட்டிருக்கும். அந்தக் கூலரைப் பிடிச்சிருக்கிறது நாலு பிளாஸ்டிக் பின்தான், ஒண்ணு நழுவினாலே போதும். பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங் திரை) சூடு பாருங்க. ஒரு நிமிஷத்துல 80, 90னு ஏறினா சந்தேகமே வேண்டாம். 100 டிகிரி கிட்ட வந்தா ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைச்சுக்கும், மீறினா அணைஞ்சிடும். அதனால ப்ராசஸர் பொதுவா தப்பிச்சிடும். கூலரைக் கழட்டி, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல சூட்டைக் கடத்துற காஞ்ச பேஸ்டைத் துடைச்சிட்டு, மிளகு அளவு புது பேஸ்ட் வெச்சு, பின்களை எதிரெதிர் மூலையா அழுத்துங்க. போர்டுக்குப் பின்பக்கம் நாலு காலும் விரிஞ்சு நிக்குதான்னு பார்த்துட்டு மூடுங்க.

திருவொற்றியூர்: அடுத்த மாசம் நாங்க வீடு மாறப் போறோம். குட்டி யானையில எப்படி ஏத்தணும்?

ஷட் டவுன் பண்ணி அரை நிமிஷம் விட்டுட்டுத் தூக்குங்க, டிஸ்க் முழுசா நிக்கட்டும். பெரிய கிராபிக்ஸ் கார்டைக் கழட்டித் தனியா மடியில கொண்டு போங்க. இல்லேன்னா ஒவ்வொரு பள்ளத்துலயும் அதோட பாரம் ஸ்லாட்டைத்தான் இழுக்கும். பெட்டியைப் படுக்க வைங்க, மதர்போர்டு பக்கம் கீழ இருக்கணும், அடியில தலையணை. கண்ணாடிக் கதவு இருந்தா கழட்டிப் போர்வையில சுத்துங்க. டைல்ஸ்ல முனை பட்டாலே மொத்தமும் சிதறிடும். பின்னாடி சொருகின வைஃபை டாங்கிள், பென் டிரைவ் எல்லாத்தையும் முதல்லயே எடுத்துடுங்க. படிக்கட்டு சுவத்துல அது இடிச்சா போர்டுல இருக்கிற யுஎஸ்பி போர்ட்டே பேர்ந்து வரும்.