இமையில் கட்டி, அரிப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

கண் மருத்துவராக இருப்பதால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்கூட யாராவது இமையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அதனால் இன்று இமைக் கட்டிகள் மட்டும். பவர், கேடராக்ட் எல்லாம் இன்னொரு நாள். போட்டோ பார்த்து மருந்து எழுத மாட்டேன்.

கேள்வி: இமை ஓரத்தில் சின்னச் சின்னப் பருக்கள், தாங்க முடியாத அரிப்பு. காலையில் இமை முடியில் பொடுகு ஒட்டியிருக்கிறது. வலி இல்லை. கண்கட்டியா?

கண்கட்டி என்றால் வலிதான் முதலில் வரும். அரிப்பும் பொடுகும் என்றால் பெரும்பாலும் இமை ஓர அழற்சி, பிளெஃபரைட்டிஸ். இமை ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கிறது. அது மார்கழி மாத நெய் மாதிரி உறைந்து வாயை அடைத்துக்கொண்டால் ஓரம் சிவக்கும், அரிக்கும், பருக்கள் எழும். இன்னொரு காரணம் டெமோடெக்ஸ் என்ற பூச்சி. 0.3 மில்லிமீட்டர் நீளம்தான், நம்மில் பலர் முகத்தில் இருப்பது. பெருகிவிட்டால் ஒவ்வொரு இமை முடியின் அடியிலும் வளையமாகச் செதில் சுற்றியிருக்கும், ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவியில் பார்த்தால் அப்படியே தெரியும்.

செய்ய வேண்டியது: கையைக் கழுவுங்கள். சுத்தமான துணியை, கன்னத்தில் வைத்தால் பொறுக்கிற அளவு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் பத்து நிமிடம். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்கணும். இந்த இடத்தில்தான் எல்லோரும் ஏமாற்றுகிறீர்கள். அப்புறம் விரலால் முடியை நோக்கி மெதுவாக நீவி, இமை துடைக்கும் வைப்ஸ் வாங்கி ஓரத்தைத் துடையுங்கள். தினமும், வாரக்கணக்கில். தலையில் பொடுகு இருந்தால் அதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

கேள்வி: எனக்கு வலி இருக்கிறது, நடுவில் வெள்ளை முனை. ஊசியால் குத்தி எடுக்கலாமா?

கூடாது. பிதுக்கவும் கூடாது, கிருமி உள்ளே பரவும். ஒத்தடம் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே உடைந்து ஆறும்.

கேள்வி: எங்க அம்மா நாமக்கட்டியை உரைத்துப் போடுவார், மூணே நாளில் போய்விடும். உடம்புச் சூடுதானே காரணம்? டாக்டர்கள் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

கண்கட்டிக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. தானே ஆறுகிற கட்டிக்கு எதைப் போட்டாலும் பேர் அதற்குத்தான் போகும். காய்ந்த நாமக்கட்டித் துகள் கண்ணுக்குள் விழுந்து உறுத்த, கசக்கி, கருவிழியில் கீறலோடு வருபவர்களைப் பார்க்கிறேன்.

கேள்வி: அப்போ உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடு வைப்பது மட்டும் மூடநம்பிக்கையா?

யார் அப்படிச் சொன்னது? வெப்பம் வைக்கிற யோசனை சரிதான். ஆனால் கழுவாத விரல், அதுவும் ஒரு விநாடிச் சூடு. அதையே துணியில் பத்து நிமிடம் செய்யச் சொல்கிறேன்.

கேள்வி (நாமக்கட்டிக்காரரே மறுபடியும்): சூட்டினால் வந்ததற்குச் சூடே வைக்கச் சொல்கிறீர்கள், முரணாக இல்லையா?

முரண் உங்கள் பக்கம் இருக்கிறது ஐயா! சூட்டினால் வந்தது என்று சொன்னது நீங்கள், உள்ளங்கைச் சூடு வைப்பதும் உங்கள் வீட்டு வழக்கம்தான். எண்ணெய்க் குளியல், இளநீர் எதையும் நான் தடுக்கவில்லை. கண்ணுக்கு அருகே எதையும் பூசாதீர்கள், அவ்வளவுதான். அடிக்கடி கட்டி வருகிறதென்றால் சர்க்கரை பாருங்கள். இந்த வாதம் முடிந்தது.

கேள்வி: மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள், அரிப்பு உடனே நின்றது. தொடரலாமா?

உடனே நின்றது என்றாலே எனக்குப் பயம். ஸ்டீராய்டாக இருக்கலாம். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறி நரம்பு கெடும், கேடராக்டும் வரும். பாட்டிலோடு ஒரு கண் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பையனுக்கு எட்டு வயது, வெயில் காலம் வந்தாலே கண்ணைக் கசக்குகிறான். மேல் இமைக்குள் கொப்புளம் மாதிரி இருக்கிறது.

வெர்னல் என்ற அலர்ஜியாக இருக்கலாம், ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். கசக்குவதை நிறுத்துவதுதான் பெரிய வேலை, கசக்கிக் கசக்கியே கருவிழி கூம்பாகிவிடும். குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள், இதற்குச் சூடு வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள். மெடிக்கல் ஷாப் சொட்டு? இதற்கு முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தலைக்கு டை அடித்த மறுநாள் இரண்டு இமையும் வீங்கி அரிக்கிறது.

டைதான் காரணமாக இருக்கும். நிறுத்துங்கள். நெயில் பாலிஷும் இதே வேலையைச் செய்யும், விரல் கண்ணுக்குப் போகிறதே.

கேள்வி: அப்பாவுக்கு 64. அதே இடத்தில் மூன்றாவது முறை கட்டி. வலியில்லை, அங்கே முடியும் கொட்டியிருக்கிறது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். வலியில்லாத கட்டி பெரும்பாலும் சலேசியான் என்ற சாதாரண அடைப்புதான். ஆனால் வயதானவருக்கு அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், முடியும் உதிர்ந்தால், எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோய் இல்லை என்று சதைப் பரிசோதனையில் உறுதி செய்ய வேண்டும். இந்த வாரமே கூட்டிப் போங்கள்.

கேள்வி: கண்கட்டிக்கு நல்ல சொட்டு மருந்து பேர் சொல்லுங்க சார்.

இதே கேள்வி எத்தனை தடவை? ஒத்தடம்.

கேள்வி: ஒத்தடம் கொடுத்தும் கண் முழுக்க வீங்கிவிட்டது, காய்ச்சல், பார்வை மங்கல். திங்கட்கிழமை வரை பார்க்கலாமா?

வேண்டாம். இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: கட்டியோடு காண்டாக்ட் லென்ஸ், மை போடலாமா?

ஆறும் வரை கண்ணாடி. பழைய மையைத் தூக்கிப் போடுங்கள்.