நீட்டிய கை

அன்புள்ள சார்,

வணக்கம். எம்.ஏ. ஆங்கிலம் முதல் வருடம் படிக்கிறேன். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எங்களுக்குப் பாடம். கடவுளின் வேலையில் மனிதன் கைவைத்தால் அழிவுதான், அறிவியலின் ஆணவத்துக்கு ஓர் எச்சரிக்கை என்று வகுப்பில் சொன்னார்கள். நோட்ஸிலும் அதுவேதான் இருக்கிறது. ஆனால் நாவலைப் படித்து முடித்தபோது எனக்கு, ஓர் உயிரைச் செய்துவிட்டு அதைக் கைவிட்டு ஓடுகிற விக்டர் மேல்தான் கோபம் வந்தது. அவன் படைத்த அந்தப் பிறவியை நினைத்து அழுதுவிட்டேன். நான் தப்பாகப் படிக்கிறேனா? 'உண்மையான அரக்கன் விக்டர்தான்' என்று பரீட்சையில் எழுதலாமா?

க.

அன்புள்ள க.,

தப்பாகப் படிக்கவில்லை. ஆனால் உங்கள் நோட்ஸை ஒரேயடியாகத் தூக்கிப் போடவும் முடியாது. அதற்குச் சாட்சி சொல்ல மேரி ஷெல்லியே வருகிறார். இந்த நாவல் 1818 ஜனவரி 1 அன்று, ஆசிரியர் பெயர் இல்லாமல், மூன்று பாகங்களாக, 500 பிரதிகள் மட்டும் அச்சாகி வந்தது. அப்போது அவருக்கு வயது 20. பிறகு 1831இல் திருத்திய பதிப்புக்கு ஒரு முன்னுரை எழுதினார். படைத்தவனின் மகத்தான இயந்திரத்தை மனிதன் போலி செய்யப் பார்ப்பது எவ்வளவு பயங்கரம் என்ற பொருளில் அதில் ஒரு வாக்கியம் வருகிறது. நோட்ஸ் எழுதுகிறவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வாக்கியத்தை எழுதியவர் கணவரையும் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்த 34 வயது விதவை. அவர் கைபட்ட திருத்தத்தில் விதியின் பாரம் கூடிவிட்டது, விக்டர் தானாக முடிவெடுக்கிற இடங்கள் மெலிந்துவிட்டன. கிடைத்தால் 1818 பிரதியைப் படியுங்கள்.

சரி, எச்சரிக்கை என்றே வைத்துக்கொள்வோம். எதைப் பற்றிய எச்சரிக்கை? அந்த நவம்பர் இரவுக்குப் போங்கள். சினிமாவில் பார்த்த மின்னல், கோபுரம், கூன் விழுந்த உதவியாள் யாரும் நாவலில் கிடையாது. ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட்டில் மாணவன் விக்டர் தங்கியிருக்கும் வீட்டின் உச்சி அறை. மணி ஒன்று. ஜன்னல் கண்ணாடியில் மழை, தீரப்போகும் மெழுகுவர்த்தி. மங்கிய மஞ்சள் கண் ஒன்று திறக்கிறது. ஏறத்தாழ இரண்டு வருட உழைப்பு அது. எட்டடி உயரம், பளபளக்கும் கருங்கூந்தல், முத்துப் பல்வரிசை, எல்லாம் அழகாக இருக்கவேண்டும் என்று அவனே பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவை. கண் திறந்ததும் அவனால் பார்க்கச் சகிக்கவில்லை. ஓடிப்போய்ப் படுத்துவிடுகிறான்! கெட்ட கனவில் விழித்தால், கட்டில் திரையை விலக்கிக்கொண்டு அது நிற்கிறது. வாயிலிருந்து சொல்லாகாத ஏதோ ஒலி. கன்னம் சுருங்க ஒரு சிரிப்பு. ஒரு கை அவனை நோக்கி நீள்கிறது. தன்னைப் பிடித்து நிறுத்தத்தான் நீட்டியதுபோல் இருந்தது என்கிறான் விக்டர். தப்பித்துக் கீழே ஓடி, விடியும்வரை முற்றத்தில் நடந்துகொண்டிருக்கிறான்.

சொல் வராத வாய், முகம் பார்த்துச் சிரிப்பு, தூக்கச் சொல்லி நீளும் கை. பிள்ளை பெற்ற யாரிடமாவது இந்த மூன்றையும் சொல்லி, என்ன இது என்று கேட்டுப் பாருங்கள்.

மேரிக்கு 1815 பிப்ரவரியில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, இரண்டு வாரத்துக்குள் இறந்துபோனது. மார்ச் 19ஆம் தேதி நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதிவைத்திருக்கிறார். குழந்தை சாகவில்லையாம், உடம்பு சில்லிட்டுத்தான் போயிருந்ததாம், கணப்பு முன் வைத்துத் தேய்த்துவிட்டதும் பிழைத்துக்கொண்டதாம். விழித்தால் குழந்தை இல்லை. ஜெனீவா ஏரிக்கரையில் இந்தக் கதை தொடங்கியது அதற்கு அடுத்த வருடக் கோடையில். அவரைப் பெற்ற மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட்டும் பிரசவ ஜுரத்தில், மகள் பிறந்த சில நாட்களில் போய்ச் சேர்ந்தவர்தான். செத்தது மறுபடி மூச்சு விடாதா என்கிற ஏக்கத்தை வெறும் ஆணவம் என்று தள்ளிவிட இந்தப் பெண்ணுக்கு எப்படி மனம் வந்திருக்கும்?

ஈனுவதையும் புறந்தருவதையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய மொழி நம்முடையது. விக்டர் முதல் பாதியோடு ஓடிப்போனவன். ஒரு பெயர்கூட வைக்கவில்லை. 1823இல் லண்டனில் இது நாடகமானபோது, நடிகர் பட்டியலில் அந்தப் பாத்திரம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். மேரி நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அந்தக் கோட்டை ரசித்துக் கடிதம் எழுதினார். பின்னால் வந்த உலகம் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற அப்பன் பெயரை எடுத்து அதற்கே வைத்துவிட்டது. (பாவம், இனிஷியலாவது கிடைத்ததே.)

ஆனால் 'உண்மையான அரக்கன் விக்டர்தான்' என்று எழுதாதீர்கள். எல்லோரும் எழுதுவது அது. அதோடு, விக்டர் வீட்டு வேலைக்காரப் பெண் ஜஸ்டினை அந்த வாக்கியம் மறந்துவிடுகிறது.

நீங்கள் அழுத இடம் எனக்குத் தெரியும். அந்தப் பிறவி, டி லேசி என்ற ஏழைக் குடும்பத்தின் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்திருந்து, சுவர் இடுக்கு வழியே பேச்சு கற்று, யாருக்கும் தெரியாமல் அவர்களுக்கு விறகு வெட்டிப் போட்டு, கடைசியில் பார்வையற்ற கிழவர் மட்டும் மனிதரோடு பேசுவதுபோல் பேச, மகன் ஃபீலிக்ஸ் வந்து கம்பால் விளாசுகிற இடம். நானும் அங்கே கலங்கியவன்தான். அதற்குச் சில பக்கங்கள் தள்ளிப் பாருங்கள். விக்டரின் தம்பி, சிறுவன் வில்லியத்தின் கழுத்தை அது நெரித்தாயிற்று. அது ஆத்திரம் என்றே வைத்துக்கொள்வோம். பிறகு வைக்கோல் கொட்டகையில் தூங்குகிற ஜஸ்டினைப் பார்க்கிறது. சிறுவன் கழுத்தில் கிடந்த சின்னப் படத்தை அவள் உடுப்பின் மடிப்பில் செருகிவிட்டுப் போகிறது. சொல்கிற காரணம்தான் என்னை உலுக்கியது: ஃபீலிக்ஸின் பாடங்களாலும் மனிதரின் ரத்தவெறிச் சட்டங்களாலும் கெடுதல் செய்யக் கற்றுக்கொண்டேன் என்கிறது. அந்த வீட்டில் இடுக்கு வழியே கற்ற அதே படிப்பு! மில்டனும் புளூட்டார்க்கும் படித்த பிறவி, தூங்குகிறவளின் துணியில் தடயம் வைக்கிறது.

அந்தத் தடயத்தால் கொலைப்பழி ஜஸ்டின் மேல் விழுகிறது. விக்டருக்குக் கொலை செய்தது யார் என்று தெரியும். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று நீதிமன்றத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஜஸ்டினைத் தூக்கில் போடுகிறார்கள். பெற்றவனும் பிள்ளையும் சேர்ந்து செய்த கொலை அது. நான் இந்த நாவலுக்குத் திரும்பத் திரும்பப் போவது கல்லறை, பிணம் எல்லாவற்றையும்விட இந்த நீதிமன்ற அத்தியாயத்துக்காக.

உங்கள் ஆசிரியரோடு வாதாட ஓர் இடம் சொல்கிறேன். வடதுருவக் கடலில் தன்னை ஏற்றிக்கொண்ட வால்டனின் கப்பலில் சாகக்கிடக்கும்போது, பேராசை வேண்டாம், அறிவியலில் பேர் வாங்கும் ஆசைகூட வேண்டாம் என்று தொடங்குகிறான் விக்டர். உடனே, நான் ஏன் இதைச் சொல்கிறேன், நான் தோற்றேன், வேறொருவன் ஜெயிக்கலாமே என்று முடிக்கிறான். தன் நடத்தையில் பழிசொல்ல ஒன்றும் இல்லை என்றும் அதே படுக்கையில் சொல்கிறான். நோட்ஸ் சொல்லும் பாடத்தை நாயகனே கற்கவில்லை.

அவன் இறந்தபின் வால்டன் அந்த அறைக்குள் நுழைகிறான். சவப்பெட்டியின் மேல் அது குனிந்திருக்கிறது. சிக்குப் பிடித்த முடி முகத்தை மறைக்கிறது. ஒரு பெரிய கை மட்டும் நீண்டிருக்கிறது, மம்மியின் நிறத்தில். முதல் இரவில் நீண்ட கை வரும் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் மடித்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். பரீட்சைக்கு அப்புறம்கூடப் போதும்.

அன்புடன்