கிபியோன் இருந்த இடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்காரன். போன வாரம் எங்கள் ஆலயத்தில் பைபிளின் யோசுவா புத்தகத்திலிருந்து பிரசங்கம். அதில் வரும் கிபியோன் பட்டணம் இன்றைக்கும் ‘அல்-ஜீப்’ என்ற பெயரில் இருக்கிறது, ஆகவே யோசுவாவின் போரில் அங்கே சூரியன் தரித்து நின்றதும் நடந்ததுதான் என்றார் போதகர். எனக்கு இடித்தது. எங்கள் ஊருக்கே நாசரேத் என்று பெயர். பின்னாளில் வைத்ததுதான். அதற்காக இயேசு இங்கே வளர்ந்தார் என்று யாரும் சொல்வதில்லை. பெயர் கொஞ்சம் ஒத்துப்போவதை வைத்து இதுதான் அது என்று எப்படி முடிவு கட்டுகிறார்கள்?

– ஒரு வாசகர், நாசரேத்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஊருக்குப் பெயர் பைபிளிலிருந்து வந்தது. அல்-ஜீப்புக்கு அப்படி யாரும் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. எருசலேமுக்கு வடமேற்கே சுமார் பத்து கிலோமீட்டரில் இருக்கும் அந்தப் பாலஸ்தீனக் கிராமத்தின் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பெயர் அது. 1838இல் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ராபின்சன் அந்தப் பக்கம் போனபோது, அரபி நன்றாகத் தெரிந்த மிஷனரி ஈலை ஸ்மித்தும் கூட இருந்தார். மடங்களில் சொல்லும் தலக்கதைகளை ராபின்சன் நம்பவில்லை. ஊர்க்காரர்களிடம்தான் விசாரித்து, அல்-ஜீப்தான் கிபியோன் என்றார். அரபியும் எபிரேயமும் ஒரே குடும்பத்து மொழிகள். அதனால் சின்ன ஊர்களின் பெயர்கள் தேய்ந்தாவது பிழைத்துக் கிடந்தன. பெரிய நகரங்களுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. பைபிளில் வரும் சீகேம் நகரத்துக்குப் பக்கத்தில் ரோமர் கட்டிய நியாபொலிஸ்தான் இன்றைய நாப்லுஸ். பழைய பெயரை அந்த ஊர்க்காரர் சொல்வதில்லை.

சரி, பெயர் மட்டும் போதுமா? போதாது என்று நினைத்தவர்கள் அறிஞர்களிலும் இருந்தார்கள். நான்காம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் கிபியோனை பெத்தேலுக்கு மேற்கே நான்கு மைலில் வைக்கிறார். அல்-ஜீப் அதற்குப் பொருந்தாது. ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் ஆல்ட்டும் ராபின்சன் சொன்னதை ஏற்கவில்லை.

1956இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் சார்பில் ஜேம்ஸ் பிரிட்சார்ட் அங்கே தோண்ட ஆரம்பித்தார். பாறையைக் குடைந்து செய்த பெரிய வட்டக் குளம் ஒன்று கிடைத்தது: குறுக்கே 11.8 மீட்டர், ஆழம் 10.8 மீட்டர், சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி இறங்கும் படிகள். அவை அடியிலும் நிற்காமல் பாறைக்குள் புகுந்து தண்ணீர் வரை போகின்றன. மொத்தம் 79 படி. சவுல் வீட்டுப் படைத்தலைவன் அப்னேரும் தாவீதின் படைத்தலைவன் யோவாபும் எதிரெதிரே உட்கார்ந்து பன்னிரண்டு பன்னிரண்டு வாலிபரை மோதவிட்ட ‘கிபியோனின் குளம்’ இதுதான் என்று பலர் துள்ளிக் குதித்தார்கள். என்னைக் கேட்டால், குளத்தைவிட அதைத் தூர்த்துக் கிடந்த குப்பைதான் பெரிய விஷயம். அதற்குள் ஜாடிகளின் உடைந்த கைப்பிடிகள். பழைய எபிரேய எழுத்தில், உயிரெழுத்து இல்லாமல், ‘கிபியோன்’ என்று கீறியிருந்தது. பக்கத்தில் அசரியா, அமரியா, அனனியா என்று ஆள் பெயர்கள். ஊர்ப்பெயர் உள்ள கைப்பிடிகள் மட்டும் 31.

இங்கே உங்களைப் போன்ற ஒருவர் மடக்கலாம்: ஜாடி ஊர் ஊராகப் போகிற பொருள்தானே, கிபியோனிலிருந்து இங்கே வந்த சரக்காக ஏன் இருக்கக்கூடாது? அப்படியும் கேட்டார்கள். ஆனால் அந்த ஜாடிகளின் வாய்க்குப் பொருந்தும் களிமண் மூடிகளும், ஊற்றுவதற்கான புனலும் அங்கேயே கிடைத்தன. அப்புறம் பாறையில் குடைந்த 63 நிலவறைகள். மேலே ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு துளை, உள்ளே மணி போல விரிந்து இரண்டு மீட்டருக்கு மேல் ஆழம், வெயில் காலத்திலும் குளுமை. திராட்சைரசம் வைத்த இடங்கள் என்பது பிரிட்சார்டின் முடிவு. எல்லாம் சேர்த்து சுமார் 95,000 லிட்டர் பிடிக்கும் என்று கணக்குப் போட்டார். இவ்வளவு சரக்கை அடைத்து அனுப்பிய ஊரில் கிடைக்கும் பெயர்ச்சீட்டு அந்த ஊருடையதாகத்தான் இருக்கும். இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் இதை ஒத்துக்கொள்கிறார்கள்.

இனி உங்கள் போதகர் சொன்ன ‘ஆகவே’. அதை நான் ஏற்கமாட்டேன். கைப்பிடிகள் யூதா அரசின் கடைசிக் காலத்தவை, ஏறக்குறைய கி.மு. ஏழாம் நூற்றாண்டை ஒட்டியவை. யோசுவாவின் காலம் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது அதற்கு ஐந்தாறு நூற்றாண்டுகள் முந்தியது. அந்தக் காலத்துக்கு அல்-ஜீப்பில் பிரிட்சார்டுக்கு அகப்பட்டது சில கல்லறைப் பொருட்கள்தான். யோசுவா புத்தகம் சொல்லும் ‘பெரிய பட்டணம்’ அகப்படவில்லை. பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்த துருத்திகளையும் காட்டி யோசுவாவை ஏமாற்றிய கிபியோன் குடிகளான ஏவியருக்கு அங்கே வீடு வாசல் இருந்ததாக மண் இதுவரை சொல்லவில்லை.

ஊர் எது என்பது ஒரு வழக்கு, கதை நடந்ததா என்பது வேறு வழக்கு. யோசுவா பிடித்ததாகச் சொல்லும் ஆயி பட்டணத்தில் இது இன்னும் சிக்கல். அந்த இடமாகப் பலர் காட்டும் எத்-தெல் மேட்டில் இருந்த கோட்டை நகரம் கி.மு. 2400 வாக்கிலேயே அழிந்து, ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்து, கி.மு. 1200ஐ ஒட்டித்தான் ஒரு சிறு கிராமமாக மறுபடி எழுந்தது. யோசுவா பிடிப்பதற்கு அங்கே கோட்டை ஏது? போதகர் அடுத்து எட்டாம் அதிகாரத்துக்கு வந்தால் இதையும் கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.